சோலிய முடிக்கும் வாத்தியார்

"நாளைக்கே வீட்டக் காலி பண்ணிருங்க தம்பி," என்றார் மொக்கம்மாள்.

மாடிப்படியின் பாதியில் நின்றபடியே சொன்னார். அதற்கு மேல் ஏறி வர அந்த வீட்டுக்காரம்மாளுக்குத் துணிவில்லை. இத்தனைக்கும் மாடியில் குடியிருக்கும் லிங்கேஸ்வரன், கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்திப்போய்த் தெருவில் இறக்கிவிட்டு வருகிற ஆள்.

"ஏன் ஆத்தா, நான் என்ன செஞ்சேன்?"

"என்ன செய்யல? தெனமும் சாயங்காலமானா போன வாயில வச்சுக்கிட்டு, 'அட்ரச மட்டும் குடு, பஸ்சு போயித் தூக்கிட்டு வந்துரும்'ங்குறீங்க. 'கொண்டா, என்னன்னு பாரு, சோலிய முடி'ங்குறீங்க. நேத்து என்னடான்னா, 'முடிச்சாச்சா, அடுத்தவனக் கொண்டா'ன்னீங்க. எனக்கு முட்டிதான் வலிக்குது தம்பி, காது நல்லாக் கேக்கும்."

லிங்கேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

போடிக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லூரியில் அவன் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் நடத்துகிறான். அவனுக்குக் கிடைத்ததெல்லாம் கடைசி மணி நேரம். குரங்கணி பஸ்சுக்குப் பாதி வகுப்பு ஓடிவிடும். மீதிப் பாதிக்கு உடம்பு மட்டும் வகுப்பில் இருக்கும். அதனால்தான் பாடத்தை வாட்ஸப்பில் பேசி அனுப்பத் தொடங்கினான். பஸ்சில் தொங்கிக்கொண்டே கேட்கட்டும் என்று எண்ணம்.

கம்ப்யூட்டருக்குள் தகவலைச் சுமந்து போகிற வழிக்கும் பஸ் என்றுதான் பெயர். ஒரு கட்டளையைக் கம்ப்யூட்டர் நிறைவேற்றும் மூன்று படிகளை, புத்தகத்தில் இருக்கிறபடி ஃபெட்ச், டீகோட், எக்ஸிக்யூட் என்றால் ஒரு முகத்திலும் விளக்கு எரியவில்லை. 'கொண்டா, என்னன்னு பாரு, சோலிய முடி' என்றான். எல்லா முகத்திலும் எரிந்தது. வேலையை முடிப்பதும் சோலிய முடிப்பதுதான், ஆளை முடிப்பதும் சோலிய முடிப்பதுதான் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை. பாடம் கைமாறிக் கைமாறி, அவன் பார்த்தேயிராத கல்லூரிகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. மொக்கம்மாளுக்குத்தான் நேராக வந்துவிட்டது.

"காலி பண்றத நாளைக்குப் பேசுவோம் ஆத்தா. இன்னைக்கு என்னயப் பத்தி விசாரிக்க சிலமலையில இருந்து ஆளு வருது."

"விசாரிக்கவா? போலீசா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க."

வருகிறவர் பெண்ணின் பெரியப்பா மகாராஜன். பெண்ணும் அதன் அம்மாவும் தெருமுனையில் ஜீப்பிலேயே இருப்பார்கள். பெரியப்பா பேசித் திருப்திப்பட்டால் எல்லோரும் பரமசிவன் கோயிலுக்குப் போவது. அங்கே மாப்பிள்ளையும் பெண்ணும் தற்செயலாகப் பார்த்துக்கொள்வது. இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த தற்செயல் அது.

"பொண்ணு பேரு கார்த்திகா. படிச்சிட்டு ஏலக்காய்க் கடையில கம்ப்யூட்டர்ல பில்லுப் போடுது," என்று காலையில்தான் அவன் அம்மா போனில் சொல்லியிருந்தார். "பொண்ணுகிட்ட ஏதோ சின்னக் கொறையாம். நேர்லதான் சொல்லுவாகளாம். எதுன்னாலும் தலைய ஆட்டிரு. இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் காசிக்குப் போயிருவேன்."

போட்டோவில் அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த யோசனையே அவனுக்குப் பிடித்துவிட்டது. குறையாவது ஒன்றாவது. முதலில் வீட்டுக்காரம்மாளைச் சரிக்கட்ட வேண்டும்.

"ஆத்தா, அது பாடம். கம்ப்யூட்டரும் உங்க அடுப்படியும் ஒண்ணுதான். பரண்ல மல்லி மூட்டை கெடக்குல்ல, அது ஹார்டுடிஸ்கு. அலமாரி டப்பா, அது மெமரி. கைக்கெட்டுற எடத்துல அஞ்சறைப்பெட்டி இருக்குல்ல, அதுதான் கேஷ்."

மொக்கம்மாளின் முகம் மாறியது.

"அஞ்சறைப்பெட்டியில கேஷு வச்சிருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஐயோ, இது காசு இல்ல, வேற கேஷ். எல்லா வீட்டுலயும் அதுதான் கேஷ்."

"எல்லா வீட்டுலயும் பாத்துட்டீங்களா?"

அவர் இறங்கிய வேகத்தில் முட்டி வலி இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு மகாராஜன் நடந்து வந்தார். வாசலில் மொக்கம்மாள் அவரை மடக்கி, காதருகே ஏதோ சொன்னதை லிங்கேஸ்வரன் மாடியிலிருந்து பார்த்தான். சொல்லச் சொல்ல மொக்கம்மாளின் கையும் வீசி வீசி வெட்டியது.

மகாராஜன் மேலே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவன் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார்.

"கீழ அந்த ஆத்தா ஒண்ணு சொன்னாக…"

"அத நம்பாதீங்கய்யா. நான் நெசமாவே வாத்தியாருதான்."

"அது தெரியும் தம்பி," என்றார் மகாராஜன். பெருமூச்சு விட்டார். "அதான்."

நம்பவில்லை என்று லிங்கேஸ்வரன் முடிவுசெய்தான். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினான். தலையணை கனத்தில் இருந்த பாடப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தான். அதன் மேல் இருந்த பாடத்தின் பெயரைப் பார்த்ததும் பெரியவர், மடியில் பாம்பு விழுந்த மாதிரிக் கால்களை ஒடுக்கிக்கொண்டார்.

"இதேதானா தம்பி நடத்துறீங்க? வேற பாடம் கெடையாதா?"

"இதேதான்யா. இதுல என்னய அடிச்சுக்க ஆளு கெடையாது."

'அடிச்சுக்க' என்ற சொல்லை அவன் தவிர்த்திருக்கலாம். பெரியவர் கையிலிருந்த டீ வேட்டியில் சிந்தியது.

"ரொம்பக் கண்டிப்போ?"

ரவுடி இல்லை, ஒழுக்கமானவன் என்று நிலைநாட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவனுக்குத் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தான். உண்மையில், பெயிலாகும் பிள்ளைகளுக்காக விடைத்தாளை மூன்று முறை புரட்டி, எங்காவது அரை மார்க் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறவன் அவன். அதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"என் பேப்பர்ல கோட்டை விட்டவன் எங்கிட்ட தப்பவே முடியாதுய்யா."

"பொம்பளப் புள்ளைகளையுமா?"

"ஆம்பள பொம்பளன்னு நான் பாக்குறதில்ல."

மகாராஜன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது. அவன் மாணவி சுஃபியா. இதோ ஒரு சாட்சி என்று மகிழ்ந்து, பெரியவரும் கேட்கட்டும் என ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நீங்க சொன்னபடியே ரெண்டுத்தச் சோலிய முடிச்சிட்டோம். மூணாவதுதான் எத்தன பேரு சேந்தாலும் மடங்க மாட்டேங்குது."

"கணக்கும்மா, கணக்குன்னு சொல்லு," என்று லிங்கேஸ்வரன் கெஞ்சினான்.

"ஆமா சார். நாளைக்குள்ள அதையும் கணக்குத் தீத்துருவோம்."

போனை அணைத்தான். படியிலிருந்து எட்டிப் பார்த்த மொக்கம்மாளின் தலை சட்டென்று மறைந்தது. மகாராஜன் எழுந்துவிட்டார்.

"நல்லது தம்பி. அப்ப நான் வர்றேன்."

"ஐயா, கோயிலுக்கு?"

"எங்க புள்ளைகிட்ட ஒரு கொறை இருக்கு. நேர்ல சொல்லிருவோம்னுதான் வந்தேன். இங்க வந்து பாத்தா…" புத்தகத்தைத் தொடாமல் தொட்டு நாற்காலியில் வைத்தார். "உங்கள மாதிரி ஆளுகிட்டப் போயி அத எப்படித் தம்பி சொல்றது?"

உங்கள மாதிரி ஆளு. சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்த அந்த முகம் லிங்கேஸ்வரனின் கண்முன் வந்தது. அம்மா காசிக்கு மூட்டை கட்டுவதும் வந்தது.

"ஐயா, நீங்க யாரு சொன்னத வேணும்னாலும் நம்புங்க. நான் ஒரு எறும்பக்கூட மிதிச்சதில்ல. உங்க பொண்ண நல்லாப் பாத்துக்குவேன். என்ன கொறையா இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

"இப்பச் சொல்லுவீக. நாளைக்குத் தெரிஞ்சா அந்தப் புள்ள மொகத்துல முழிப்பீகளா?"

அவன் பதில் சொல்வதற்குள் படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜீப் டிரைவர் சின்ராசு, மொக்கம்மாளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"பெரியவரே, ரவுடியோ வாத்தியாரோ, வெரசா ஒரு முடிவச் சொல்லுங்க. இந்தாளு பாடத்துலதான அந்தப் புள்ளைக்கு அரியரு. கோயில்ல வச்சுக் கேள்வி கேட்டுருவாரோன்னு, காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம ஜீப்புக்குள்ள இவரு வாய்ஸப் போட்டு, 'கொண்டா, என்னன்னு பாரு, சோலிய முடி'ன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கு."