மாமியார் வயிற்றில் மருந்து

தேஜோன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் நாம் தோசிக் பெரிய ஆள். நாம் என்பது குடும்பப் பெயர். வீட்டில் "நாம் முடிவு பண்ணுவோம்" என்று அவர் சொன்னால் அந்த நாமில் மனைவி யோங்ரானுக்கு இடம் கிடையாது.

அப்படி எடுத்த முடிவுகளில் தலையானது, மாமியார் இங்கே வந்து தங்கக் கூடாது என்பது. கடலோரக் கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவைக் கூட்டி வர வேண்டும் என்று யோங்ரான் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ரூம் ஏது? இருக்கிற ஒண்ணும் என் படிப்பறை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இந்த நிலையில் ஆபீசில் ஒரு சிக்கல். குடல் புண்ணுக்குப் புது மருந்து தேடிக்கொண்டிருந்தார் தோசிக். மலையிலோ மூலிகையிலோ அல்ல. ஆரோக்கியமான மனிதர்களின் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவில். அவற்றை வெளியே வரவழைக்கச் சுலபமான வழி எது என்பது உங்களுக்கே தெரியும். ஊர்க்காரர்கள் கொடுத்த மாதிரிகள் எதுவும் தேறவில்லை. தும்மினாலே ஆன்டிபயாட்டிக் விழுங்குகிற ஜனங்கள். "இந்த மாசமும் ஒண்ணும் கிடைக்கலைன்னா பொறுப்பைப் பியோகிட்ட கொடுத்துடுவேன்" என்றார் இயக்குநர். தோசிக்கின் கீழ் வேலை பார்த்த பியோ அன்றே புதுக் கோட்டு வாங்கிவிட்டான்.

சாப்பாட்டு மேஜையில் யோங்ரான் யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள்:

"எங்கம்மாவுக்கு எழுபத்தொன்பது. இன்னி வரைக்கும் ஒரு மாத்திரை தொட்டதில்ல. கடல்பாசியும் கிம்ச்சி ஊறுகாயும்தான். கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

தோசிக்கின் சாப்பாட்டுக் குச்சிகளிலிருந்து முள்ளங்கித் துண்டு நழுவி விழுந்தது.

"யோங்ரான், அத்தையைப் பாக்கணும் போல இருக்கு."

"எந்த அத்தையை?"

"உங்கம்மாவைத்தான். மூணு நாள் வந்து இருக்கட்டுமே."

"உடம்பு கிடம்பு சரியில்லையாங்க உங்களுக்கு?"

மாமியார் வந்தார். கையோடு ஒரு பானை சோயா விழுதும் வந்தது. தோசிக்கின் திட்டம் கச்சிதமானது. கழிப்பறையில் ஆய்வகத்துப் பாத்திரத்தைப் பொருத்தி, "தண்ணி மிச்சம் பண்ற புது ஏற்பாடு அத்தை" என்று சொல்லிவிட்டார். மாதிரி கிடைத்ததும் அத்தைக்குப் பஸ் டிக்கெட்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பாத்திரத்தைக் காணோம். சமையலறையில் இருந்தது. அதில் பீன்ஸ் ஊறிக்கொண்டிருந்தது.

"நாம் மாப்பிள்ளை, இவ்வளவு நல்ல சட்டியைக் கொண்டுபோய் அங்க வெச்சிருக்கீங்களே! கழுவி எடுத்துட்டேன்."

வேறு வழியில்லை. காது சிவக்க உண்மையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தார். சிரிப்பு.

"இதுக்கா இந்தப் பாடு? ஊர்ல தோட்டத்துக்குப் போட்டது. நாலு பேர் வயித்து வலி தீரும்னா தாராளமா எடுத்துக்கோங்க. கேட்டா கொடுக்கமாட்டேனா?"

ஆய்வக முடிவு வந்ததும் இயக்குநர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அத்தையின் குடலில் இருந்த ஒரு வகை பாக்டீரியா, கண்ணாடித் தட்டில் வளர்த்த குடல் திசுவின் வீக்கத்தை அடங்க வைத்தது. பியோ கோட்டைக் கழற்றிவிட்டான்.

"ஆனா ஒண்ணு, ஒரு வருஷத்துக்குத் தினமும் புதுசா வேணும். கிராமத்திலேருந்து வர்றதுக்குள்ள பாதி செத்துடும். அவங்க இங்கயே இருக்கணும். மனசு நோகவே கூடாது. மனசு நொந்தா குடல் நோகும்" என்றார் இயக்குநர்.

அன்று தோசிக் மனைவியின் எதிரில் முழந்தாளிட்டு உட்கார்ந்தார்.

"அத்தை இங்கயே இருக்கட்டும்."

"அய்யோ, ரூம் ஏதுங்க?"

"என் படிப்பறை."

"உங்க ஆராய்ச்சி?"

"ஆராய்ச்சியே அவங்கதான்!"

"அம்மா ஒத்துக்கணுமே. கடலைப் பாக்காம இருக்க மாட்டாங்க."

"வாரா வாரம் நானே காருல கூட்டிட்டுப் போறேன். நீ மட்டும் கொஞ்சம் சொல்லு."

பெரிய மனசு பண்ணி யோங்ரான் சொன்னாள். தோசிக் தன் கையாலேயே புத்தகங்களைக் கட்டி வராந்தாவில் அடுக்கினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்:

"பாத்தியா? அன்னிக்கு நீ ஏதோ பேச்சுக்குச் சொன்னே. அதைப் பிடிச்சு இவ்வளவு தூரம் கொண்டு வந்துட்டேன். மூளை வேணும்."

"ஆமாங்க," என்றாள் யோங்ரான், அம்மாவின் தலையணைக்கு உறை மாட்டியபடி. "உங்க இயக்குநர் சம்சாரமும் நானும் ஒண்ணாத்தானே நீச்சல் பழகறோம். மாத்திரை தொடாதவங்க யாரும் கிடைக்காம நீங்க திண்டாடறீங்கன்னு அவங்க சொன்னாங்க. உங்களுக்கா எப்பத்தான் தோணுமோன்னு காத்துக் காத்துப் பாத்துட்டு, கடைசியில நானே வாயைத் தொறந்தேன்."

மறுநாள் விடிந்ததும், முதுநிலை ஆராய்ச்சியாளர் நாம் தோசிக் ஐஸ் பெட்டியும் கையுமாகக் கழிப்பறை வாசலில் நின்றார். உள்ளே அத்தை ஏதோ பழைய பாட்டு பாடிக்கொண்டிருந்தார், அவசரப்படுகிறவராகத் தெரியவில்லை.