கதவு அண்ணனின் பிஸ்கட் டின்

பஸ்ஸுக்குள் ஆட்களைச் சிறை வைத்துவிட்டு, சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த மனிதர் மலேசியாவின் ஜோகூர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். எங்கள் கதவு அண்ணன். கெலாங் பாத்தாவிலிருந்து செனாய்க்கு எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். கதவுப் பொத்தான் அவர் கையில் இருந்ததால் எங்களுக்கு இந்தப் பெயரே போதுமாக இருந்தது.

பஸ்ஸில் வருகிறவருக்கோ அவர் வீட்டில் யாருக்காவதோ உடம்பு முடியவில்லை என்றால், தொழிற்சாலை வாசலில் வண்டி நிற்கும், கதவு திறக்காது. டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்று கிளம்பும். எல்லார் கையும் அதற்குள் போய் வந்த பிறகுதான் விடுதலை. ஒருநாள் கார் பழுதாகி எங்களோடு வந்த மேனேஜர், பர்ஸ் எடுத்து வரவில்லை என்று மழுப்பினார். அண்ணன் எஞ்சினை அணைத்தார். ஏர்கானும் நின்றது. கொஞ்ச நேரம் வேர்த்துக் கொட்டியதும் மேனேஜருக்குப் பர்ஸ் கிடைத்துவிட்டது.

என் அம்மாவின் கண் ஆபரேஷன் அந்த டின்னால்தான் நடந்தது.

இப்படிப்பட்டவர் இருந்த இடத்தில்தான், எல்லாரும் கட்டாயம் மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று கம்பெனி ஆரம்பித்தது. டிரைவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் ஆதரவு, அண்ணன் எதிர்ப்பு. சிக்னலில் சிவப்பு விழுந்தால் திரும்பி உட்கார்ந்து பேசுவார். பச்சை விழுந்த பிறகும் பேசுவார். பின்னால் ஹாரன் அடிக்கும் லாரிக்காரனையும் என் கட்சியில் சேர்த்துத் திட்டுவார்.

“வேணும்னா எடுத்துக்கட்டும் லா. கட்டாயம்னா மட்டும் நான் விடமாட்டேன்.”

“அப்ப உங்க டின்னு? கதவ மூடி வச்சுத்தானண்ணே வாங்குறீங்க?”

“அது வேற, தங்கச்சி.”

எப்படி வேறு என்று கடைசி வரை சொல்லவில்லை. ஆனால் கம்பெனிக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சுக்கு அப்படி ஒரு கைதட்டல். விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்று முடிவானது. நான் சேர்ந்தேன். அவர் சேரவில்லை. ஜெயித்தவர் எந்த முகத்தோடு சேருவார்?

அடுத்த வருஷம் ஒரு காலையில் பஸ்ஸை வேறு டிரைவர் ஓட்டி வந்தார். அண்ணனுக்குச் சில மாதங்களாகவே நெஞ்சுவலி, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முறை வரக் காத்திருந்தார், நேற்று மயங்கி விழுந்துவிட்டார் என்று அந்த டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எல்லாருக்காகவும் டின் நீட்டிய பாவி மனுஷன், தனக்கென்று வாய் திறக்கவில்லை.

டின் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. அன்று நான் எடுத்தேன். தொழிற்சாலை வாசலில், டின் வழக்கம் தெரியாத புது டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். ஒருத்தரும் இறங்கவில்லை. டின் சுற்றி வந்தது.

தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம் என்று டின்னோடு ஓடினேன். இனி ஆபரேஷனை இதயம் தாங்காது என்றார் டாக்டர். அண்ணன் என் மடியில் இருந்த டின்னையே பார்த்தார்.

“கதவ மூடிட்டுத்தானே வாங்குன?”

“இல்லண்ணே. தெறந்துதான் இருந்துச்சு. யாருமே எறங்கல.”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “பாத்தியா? கட்டாயமே வேணாம்னு சொன்னேன்ல?”

ஆமாண்ணே என்று ஒப்புக்கொண்டேன். அந்த வாரமே போய்விட்டார்.

அந்த இன்சூரன்ஸ் வாதத்தில் மட்டும் அவர் தோற்றிருக்கலாம். தோற்றிருந்தால் இன்று காலையும் சிக்னலில் திரும்பி உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.