துப்பாக்கிக் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

ஒரு மான் உயிர் பிழைத்தால் அந்தப் புண்ணியம் யாருக்குச் சேரும்? காப்பாற்றும் எண்ணமே இல்லாமல், கொஞ்சம் சந்தனத்தாலும் ஒரு சிட்டிகைக் குங்குமத்தாலும் அதைக் காப்பாற்றித் தொலைத்தவளுக்குச் சேருமா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

(என்னைப் பற்றி ஒரு வார்த்தை: வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு, அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். பார்த்துவிட்டுப் போகும்போது, கதவைப் பூட்டினேனா என்று மறுபடி வருவேன்.)

2011இல் நாங்கள் சிட்னியில், பென்டில் ஹில் பகுதியில், டெரி என்பவரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். டெரி ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். என் மகள் மீனு அப்போது தவழும் குழந்தை. ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்று முந்தைய வீட்டில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் பார்த்த வீடுகளில் எல்லாம் கைக்குழந்தை என்றதும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். டெரி மட்டும்தான், "எனக்கு ஒரு காது கேட்காது. கேட்கிற காதைத் தலகாணியில வச்சுப் படுத்துக்கறேன்" என்று சொல்லி இடம் கொடுத்தார்.

அந்த வாடகை ஒப்பந்தம் அக்டோபரோடு முடிவதாக இருந்தது. டெரியின் தங்கை மகளுக்கு மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு மாற்றல் வரலாம், வந்தால் போர்ஷனை அவளுக்குத் தரவேண்டியிருக்கும், மான் வேட்டைக்குப் போய்விட்டு வந்து முடிவு சொல்கிறேன் என்று அவர் என் கணவரிடம் சொல்லியிருந்தார். நான் என்ன புரிந்துகொண்டேன் என்றால், மான் கிடைத்தால் சந்தோஷமாகத் திரும்புவார், நமக்கு வீடு. கிடைக்காவிட்டால் தெரு. (தங்கை மகளின் மாற்றலுக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று நீங்கள் கேட்கலாம். அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.)

டெரியின் துப்பாக்கி பழைய பாணி. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அதன் பணக்கார ஒன்றுவிட்ட தம்பி. குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, குண்டை உள்ளே விட்டு, நீளக் கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். அதன்பின் ஒரே ஒரு முறை சுடலாம். தவறினால் மறுபடி மருந்து, குண்டு, கம்பி. அதற்குள் மான் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். அந்த ஒரே வாய்ப்பில்தான் மரியாதை இருக்கிறது என்பார் டெரி.

ஆனால் வயதாக ஆக, குறி பார்க்கத் துப்பாக்கியின் பின்னால் இருக்கும் பள்ளம், முன்னால் இருக்கும் மணி, தூரத்து மான் மூன்றும் ஒரே நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் 'ரெட் டாட்' என்று ஒன்றை வாங்கித் துப்பாக்கி மேல் பொருத்தினார். கட்டைவிரல் நீளத்தில் கறுப்புக் குழாய், இரண்டு பக்கமும் கண்ணாடி. உள்ளே பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். புள்ளியை மான் மேல் வைத்தால் போதும், வேறு எதையும் நேர் பார்க்க வேண்டாம். வேட்டை நண்பர்கள் சிரியோ சிரியென்று சிரித்தார்களாம். குத்துவிளக்கில் எல்.இ.டி. பல்பு மாட்டிய கதைதான். இந்தத் தடவை அவர்கள் வாயை அடைக்கவேண்டும் என்று டெரி கங்கணம் கட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் புள்ளி விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. என் கணவர் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். கொடுங்கள், பார்க்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டார். துப்பாக்கி முன்வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியே இருந்தது. எங்களிடம் வந்தது அந்தப் புள்ளிக் குழாய் மட்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டாமா, போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று ராத்திரிச் சாப்பாடு முழுக்கக் கேட்டேன். "வித்யா, இது டார்ச் லைட் மாதிரி. டார்ச்சுக்கு யாராவது லைசென்ஸ் கேட்பாங்களா?" என்றார். அதன் குட்டி பேட்டரியை மீனு விழுங்கிவிடுவாளோ என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். ஃபிரிட்ஜ் அதிர்ந்து விழுமோ என்று அலமாரிக்கு மாற்றினேன். ஆடிப்போன பேட்டரி ஸ்பிரிங்கைச் சரிசெய்துவிட்டு, அவர் அதைத் தன் ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள் போட்டுவைத்தார்.

அடுத்து வந்தது ஆயுத பூஜை.

அவர் வேலைக்குப் போயிருந்தார். லேப்டாப், அரிவாள்மனை, மிக்ஸி, மீனுவின் தள்ளுவண்டி, தாய்ப்பால் எடுக்கும் பம்ப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே குழாய். அதுவும் ஒரு கருவிதானே, அதை மட்டும் விட்டால் குற்றமாகாதா? வைத்தால், வேட்டைக்கு ஆசீர்வாதம் செய்ததாகாதா? நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். பத்தி அணையும்வரை யோசித்து, 'யாருக்கும் எந்தக் கெடுதலும் வரக்கூடாது' என்று வேண்டிக்கொண்டு வைக்கலாம் என முடிவுக்கு வந்தேன். எங்கே வைப்பது? பொட்டு என்றால் முகத்தில்தான். குழாய்க்கு முகம் எது? ரப்பர் மூடியைத் திறந்தேன். கண்ணாடி பளபளவென்று என்னைப் பார்த்தது. நடு நெற்றியில் வைப்பதுபோல அழகாக, வட்டமாக, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்தேன். காய்ந்ததும் பொறுப்பாக மூடினேன்.

சாயங்காலம் என் கணவர் அதை அப்படியே டெரியிடம் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை விடியுமுன் டெரி கோல்பர்ன் பக்கம் நண்பரின் நிலத்துக்குக் கிளம்பிப் போனார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் பேச்சுவாக்கில், "மூடியைத் திறந்து பார்த்துட்டுத்தானே கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இல்லையே. ஏன்?"

நான் சொன்னேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு இடது கையால் போனை எடுத்தார். டெரிக்குப் போன் போட்டால் மலைப்பக்கம் சிக்னல் இல்லை. பயத்தில், தெரிந்தவர்களுள் மூத்தவரான ராணி அன்ரிக்குப் போன் செய்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், எந்தக் கலவரத்திலும் நிதானம் தவறாதவர். முழுவதும் கேட்டுவிட்டு, "பிள்ளை, நீர் ஏன் முந்திப்போய்ச் சொல்லுறீர்? அவர் வந்து கேட்டால் பாப்பம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதையும்" என்றார். ஓம் அன்ரி, ஓம் அன்ரி என்று அவர் பாஷையிலேயே சத்தியம் செய்துவிட்டு, போனை வைத்ததும் அட்டைப்பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தேன். எப்படியும் போகச் சொல்வார். தயாராக இருந்துவிடுவது கௌரவம் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெரியின் வண்டி வந்தது. கையில் குழாயோடு நேராக எங்கள் பின்வாசலுக்கு வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். சரஸ்வதி, ஒன்பது ராத்திரிகள், கருவிகளுக்கு நன்றி சொல்லும் மரபு, என் மாமியார் வீட்டில் டிராக்டருக்கும் வைப்பது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் கொட்டினேன். டெரி பொறுமையாகக் கேட்டார். பிறகு குழாயை என் நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "அப்பவே நினைச்சேன்" என்றார்.

படியில் உட்கார்ந்து, ரயில் தாமதத்தை அறிவிப்பவர்போல அவர் சொன்னது இது. போகும் வழியெல்லாம் தூறல். ஈரம் படக்கூடாதென்று மூடியைத் திறக்கவே இல்லை. காகிதத்தில் ஒரு தடவை சுட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும், சோம்பேறித்தனம், அது தன் தப்பு. காலையில் மரத்தடியில் அருமையான மான். பின்னால் இரண்டு நண்பர்கள். மூடியைத் திறந்தால் மானைக் காணோம். அந்த இடத்தில் மங்கலாக ஒரு செவ்வாய் கிரகம்! புள்ளியின் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குமிழைத் திருகிக் குறைத்தார். சிறுக்கவில்லை. கடைசியில் அணைத்தே பார்த்தார். அணைத்த பிறகும் எரிந்தது. குமிழ் திரும்பும் சத்தத்தில் மான் தலையைத் தூக்கி மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போனது. ஓடக்கூட இல்லையாம்.

"அப்போ சுடவே இல்லையா?" என்றேன்.

"இல்லை."

"அப்பாடா, நல்லதாப் போச்சு."

இதைச் சொன்னது நான்தான். வாய்விட்டு, இங்கிலீஷில், வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அழுதுகொண்டிருந்த மீனுகூட அழுகையை நிறுத்தினாள். போன வாரம் வரை மான் கிடைக்கவேண்டும் என்று தவம் கிடந்தவளும் நான்தான் என்று அந்த நிமிஷம் யாரிடம் போய்ச் சொல்வது?

டெரி குழாயைத் திருப்பி அந்தப் பொட்டைப் பார்த்தார். தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் உள்ளே இருந்த அட்டைப்பெட்டிகளைக் கவனித்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"நீங்க போகச் சொல்லுவீங்களே, அதான்."

"தங்கச்சி மகளுக்கு மாற்றல் இல்லைன்னு போன வாரமே ஆயிடுச்சே. உங்ககிட்ட சொல்லலையா நான்? மறந்துட்டேன் போல."

கண்ணாடியைச் சுத்தம் செய்ய என் கணவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாத்திரங்களைத் திரும்ப அடுக்க எனக்கு அதைவிட அதிகம் ஆனது. இன்றும் எங்கள் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், கார் கிளம்ப மறுத்தாலும், இவர் முதலில் கேட்பது, "இதுக்கும் பொட்டு வச்சியா?" மீனுவும் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. டெரியின் நண்பர்கள் வட்டாரத்தில் அந்தப் பொட்டு பெரும்புகழ் அடைந்துவிட்டது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு அவரே குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். குழாய் மேல் மட்டும், கண்ணாடியில் வேண்டாம் என்று விரலை நீட்டி இடம் காட்டினார். அப்படியே வைத்தேன். கண்ணாடி துல்லியம், புள்ளியும் துல்லியம். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பி வந்தார். படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வித்யா, பொட்டு வைக்கும்போது அதுகிட்ட நீ என்னதான் சொல்றே?" என்று கேட்டார். எல்லாரும் பத்திரமா இருக்கணும்னு சொல்வேன் என்றேன். எல்லாரும் என்பதில் மானும் சேர்த்தி என்பதை நான் விளக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி ஆயுத பூஜை. குழாய் நேற்றே வந்துவிட்டது, அலமாரி மேல் இருக்கிறது. வேட்டை நல்லபடியாக நடக்கட்டும் என்று வேண்டினால் மானுக்குத் துரோகம். மான் பிழைக்கட்டும் என்றால், ஊரே கதவைச் சாத்தியபோது எங்களுக்கு இடம் கொடுத்தவருக்குத் துரோகம். ஒன்றும் வேண்டாமல் வெறுமனே வைத்தால் அது பூஜையா? விவரம் தெரிந்தவர்கள், தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்: நான் என்ன வேண்டிக்கொண்டு பொட்டு வைப்பது?