சதவீதத்தின் திருத்திய மதிப்பீடு

மனைவி இல்லாமலேயே குடும்பம் நடத்திக் காட்டுவது என்று சதவீதம் சபதம் எடுத்து அன்றோடு பதினோரு நாள்.

தேசிய வருமானத்தைக் கணக்கிடும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. நாடு எவ்வளவு உற்பத்தி செய்தது, போன வருஷத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று சொல்லும் பிரிவு. மழை வருமா என்று கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் வரும். தெருக்காரர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். இந்த வருஷ அறிக்கை வெளியான அன்று மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். மனைவிக்கு விளக்கப் போனார்.

"இதுல நான் செய்யுற வேலை எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. காசு கொடுத்து வாங்கினாத்தான் கணக்கு. நான் ஓட்டல்ல சாப்பிட்டா உற்பத்தி. நீ சமைச்சுப் போட்டா ஒண்ணுமில்ல."

"இருபத்திரண்டு வருஷமா ஒண்ணுமில்லயா?"

"விதி அப்படிம்மா. நானா போட்டேன்?"

"சரி, நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நாடாவது முன்னேறட்டும்."

பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

'வா' என்று போனில் சொன்னால் வந்திருப்பாள். அந்த ஓர் எழுத்து சதவீதத்தின் தொண்டையைத் தாண்டவில்லை. அவளாகவே பதறிக்கொண்டு ஓடி வரவேண்டும். அதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தார். அவள் இல்லாமல் வீடு அமோகமாக நடக்கிறது என்று காட்டினால் பொறாமையிலாவது வந்துவிட மாட்டாளா?

ஆனால் மனசு கேட்கவில்லை. அவளுடைய அலமாரியைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்த பொட்டைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டு தடவை வெளிக்கதவு சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தார். காற்று.

பதினோராம் நாள் மாலை போன் வந்தது.

"என்னங்க, எப்படி இருக்கு வீடு?"

"பிரமாதம்! மூணு வேளையும் ஓட்டல். துணியெல்லாம் லாண்டரியில. வீடு பெருக்க ஒரு அம்மா தானா வந்து கதவைத் தட்டி வேலை கேட்டாங்க, நம்ம அதிர்ஷ்டத்தப் பாரு! எல்லாமே காசுக்கு. நாட்டு உற்பத்தியில நம்ம வீட்டுப் பங்கு நானூறு சதவீதம் ஏறியிருக்கு!"

இந்நேரம் பொறாமை வந்திருக்கும் என்று சதவீதம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அடேயப்பா! அப்ப நான் வந்தா இறங்கிடுமே?"

"அது... கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

"ஐயோ, வேண்டாங்க. நாட்டுக்கு நான் கெடுதல் பண்ண மாட்டேன். இன்னும் மூணு மாசம் இங்கயே இருந்துடறேன்."

பதறியது சதவீதம்தான்.

"மூணு மாசமா?"

"ஒரு காலாண்டு. நீங்க அப்படித்தானே கணக்கு பாப்பீங்க? ஆமா, ஒண்ணு கேக்கணும். உங்க ஆபீஸ்ல முதல்ல அவசரமா ஒரு மதிப்பீடு விடுவீங்க. அப்புறம் முழுத் தகவலும் வந்ததும் திருத்தி இன்னொண்ணு விடுவீங்கல்ல?"

"ஆமா. திருத்திய மதிப்பீடு."

"நம்ம வீட்டுக்கு அத எப்ப விடப் போறீங்க?"

எதிரே அவள் உட்காரும் நாற்காலி காலியாகக் கிடந்தது. சதவீதத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீ இல்லாம முடியலம்மா. ஓட்டல் சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேக்கத்தான் ஆள் இல்ல. வீட்டுக்குள்ள வந்தா யார்கிட்ட பேசுறதுன்னு தெரியல. வந்துடு."

"அதான் தெரியுமே. தினமும் காலையில ரெண்டு டம்ளர் டீ போட்டு, ஒண்ண என் நாற்காலி முன்னாடி அப்படியே வச்சிட்டுப் போறீங்களாமே."

"யாரு சொன்னா?"

"வீடு பெருக்குற அம்மாதான். அவங்கள அனுப்பினதே நான்தானே! நாளைக்கு எட்டு மணி பஸ்ல வர்றேன். டிக்கெட் திங்கக்கிழமையே எடுத்தாச்சு."

சதவீதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல செய்தி அவர் கேட்டதில்லை.

"அப்புறம், அந்த அம்மா இனிமேலும் வருவாங்க. துணி லாண்டரிக்கே போகட்டும். ஞாயித்துக்கிழமை மூணு வேளையும் ஓட்டல். நீங்க கஷ்டப்பட்டு ஏத்தி வச்ச வளர்ச்சிய நான் வந்து இறக்கினா நல்லாவா இருக்கும்?"