சேர்மனின் கண் நிறம்

நாயை நேசிப்பது ஒரு துறை என்றால், துணை மேலாளர்தான் அதன் நிரந்தர இயக்குநர். ஆதாரம் அவர் கைப்பேசியிலேயே இருந்தது: பதினான்கு ஆண்டுகள், நாலாயிரத்து இருநூறு படங்கள். ஒவ்வொன்றிலும் அவரும், அவரே 'சேர்மன்' என்று பெயர் சூட்டிய நாயும். இன்னும் சரியாகச் சொன்னால், அவரும் சேர்மனின் ஒரு காதும்.

"அது இருக்கும்போதே ஒரு ஓவியம் வரைஞ்சு மாட்டிடுவோங்க" என்று மனைவி முன்மொழிந்ததும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஓவியம் வரையும் பெண்மணிக்கு அன்றே நூறு படங்கள் போயின. அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், நான் உங்களை வரையணுமா, நாயையா?"

"நாயைத்தாம்மா."

"அப்ப முழு முகம் வேணும். ஜன்னல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் போடாம. கண்ணு ரெண்டும் தெளிவா விழணும். நின்னுக்கிட்டு எடுக்காதீங்க, அது உயரத்துக்கு நீங்க இறங்குங்க."

இறங்குவது துணை மேலாளர்களுக்குப் பழக்கமில்லாத திசை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்துத் தரையில் குப்புறப் படுத்தார். மனைவி திரையை விலக்கினாள். மகள் பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரவென்று ஆட்டினாள்.

"சேர்மன், இங்க பாருடா."

சேர்மன் தலையைத் தூக்கினார்; குரல் வந்த பக்கம் கிளம்பினார்; நாற்காலிக் காலில் போய் முட்டிக்கொண்டார்.

"திமிரைப் பாரேன். ரெண்டு மாசமா இப்படித்தான், கூப்பிட்டா வேணும்னே எதுலயாவது இடிக்குது" என்றாள் மனைவி.

"அப்பாகிட்ட வளர்ந்ததும்மா" என்றாள் மகள்.

கடைசியில் பிஸ்கட் வாசனையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் வந்து நின்றார் சேர்மன். ஒரே ஒரு படம் விழுந்தது. துணை மேலாளரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அனுப்பிய பத்தாவது நிமிடம் போன்; ஸ்பீக்கரில் போட்டார். "அருமையான படம் சார். கண்ணுல இருக்குற வெள்ளையையும் வரையட்டுமா?"

"எந்த வெள்ளை?"

எதிர்முனை கொஞ்சம் தயங்கியது. "புரை சார். ரெண்டு கண்ணுலயும். அதுக்குப் பார்வையே இருக்காதே."

மனைவி நாற்காலியை மெல்லச் சுவரோரம் நகர்த்தினாள்.

"வெள்ளை வேண்டாம்மா" என்றார் அவர். "முன்னாடி இருந்த மாதிரியே வரைஞ்சிடுங்க."

"சரி சார். முன்னாடி என்ன நிறம்?"

அவசரக் கூட்டம் கூடியது. மனைவி கறுப்பு என்றாள். மகள் தேன் நிறம் என்றாள். துணை மேலாளர், "பதிவேடுகளைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று உட்கார்ந்தார்.

நாலாயிரத்து இருநூறையும் பெரிதாக்கிப் பார்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. குட்டியாக மடியில், வளர்ந்து தோளில், சோபாவில், காரில். ஒன்றில்கூடக் கண் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றேதான்: அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்; சேர்மன் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, அந்தக் கண்ணின் நிறம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க முடியும். அவரோ நாலாயிரத்து இருநூறு தடவையும் கேமராவைப் பார்த்து மிக நன்றாகச் சிரித்திருந்தார்.