கடைசி வரிசையில் ஒரு திருத்தம்

ஓய்வு பெற்றும் ஓயாதவர் என்று ஒரு ரகம் உண்டு. மலேசியாவில் எங்கள் தைப்பிங் ஊரில் மழைக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைப்பது இந்த ரகம்தான். மழைக்காவது குடை பிடிக்கலாம்.

இவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறீர்களா? மூத்தோர் மன்றத்தில் எந்த வகுப்புக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். எல்லோரும் உகுலேலே என்ற குட்டி கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோ, கைப்பேசியில் பேரப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டிய முத்தத்தைத் தவறிப்போய்ப் பல் டாக்டருக்கு அனுப்பிவிட்டோ சிரித்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஆசிரியரைப் பார்த்து "ம்... மேல சொல்லுங்க" என்பார். அவர் கற்றுக்கொள்ள வரவில்லை. பரிசோதிக்க வந்திருக்கிறார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தால், தப்பாக நினைக்க வேண்டிய ஏதோ ஒன்று வரப்போகிறது. "ஒரு சின்னத் திருத்தம்" என்றால், அன்றைக்கு வகுப்பு முடிந்தது.

தியோ பூன் ஹாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர். பேராக் மாநிலத்தில் இவர் நுழைந்ததும் தண்ணீர் குடிக்காத தலைமையாசிரியர் கிடையாது. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் பரிசோதிக்க என்ன இருக்கிறது? மனைவி லாய் குவான் இருந்தார். அவர் பூண்டு நசுக்கும் விதத்தில் முறை இல்லை என்றார் தியோ. துணி காயப்போடுவதில் வரிசை இல்லை என்றார். எருமைப் பாலை உறைய வைத்துச் செய்யும் சீன இனிப்புக்கு இஞ்சிச் சாறு எத்தனை கரண்டி என்று கேட்டு, பதில் "கண்ணளவுதான்" என்று வந்ததும், அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"வெளிய போய் எதையாவது கத்துக்கோ கெழவா, இல்லன்னா நான் போயிருவேன்" என்றார் லாய் குவான்.

உகுலேலே வகுப்பில் போய்ச் சேர்ந்தார். சொல்லிக் கொடுத்தவரின் உட்காரும் முறையையே இவர் திருத்தினார். அடுத்து தூரிகை எழுத்து. அந்த ஆசிரியர் மை அரைக்கும் திசையையும் இவர் திருத்தினார். கைப்பேசி வகுப்பில் ஆசிரியரையே எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்டார். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரே செய்தி வீட்டுக்கு வரும். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இது பொருந்தாதுன்னு தோணுது."

கடைசியில் மிச்சம் இருந்தது வரிசை நடனம். அது லாய் குவானின் வகுப்பு.

இங்கே நான் கொஞ்சம் சிரிப்பதை நிறுத்த வேண்டும். தியோவுக்கு மாற்றல் வந்த போதெல்லாம் லாய் குவான் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பின்னால் போனவர். எந்த ஊரிலும் அவர் "இன்ஸ்பெக்டர் வீட்டம்மா". ஆசிரியைகள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். தைப்பிங்கில் நிலைத்த பிறகுதான், புதன்கிழமை மத்தியானம் ஏரிக்குப் பக்கத்து மன்றத்தில், அவருக்கு என்று தோழிகள் கிடைத்தார்கள், அதில் நானும் ஒருத்தி. ஒருநாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அமரா, புதன்கிழமை மட்டும் நான் யாரோட பொண்டாட்டியும் இல்ல லா."

அந்தப் புதன்கிழமைக்குள்தான் தியோ வந்து நின்றார்.

எங்கள் ஆசிரியை மெலோர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலிக்காரர்களையும் ரத்த அழுத்தக்காரர்களையும் ஆட வைப்பதில் கெட்டிக்காரர். தப்பாக ஆடினால் கைதட்டுவார், ரொம்பத் தப்பாக ஆடினால் அந்த அடியை எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பார். தியோ சுவரோரம் கைகட்டி நின்று முதல் பாட்டைப் பார்த்தார். இரண்டாம் பாட்டின் நடுவில் கை உயர்ந்தது.

"பாட்ட நிறுத்துங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. திரும்புற எடத்துல பாதிப் பேரு வலது பக்கம், பாதிப் பேரு இடது பக்கம். இவங்க திரும்பவே இல்ல."

இவங்க என்று அவர் கை காட்டியது என்னை.

"மிஸ்டர் தியோ, இது டான்ஸ். சுதந்திர தின அணிவகுப்பு இல்ல" என்றார் மெலோர்.

"டான்ஸுன்னாலும் ஒழுங்கு வேணும்ல?"

அடுத்த வாரம் சாக்கட்டி கொண்டு வந்து தரையில் பாதங்கள் வரைந்தார். அதற்கடுத்த வாரம் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் யார் எங்கே தவறினார்கள் என்று பெயர் சொல்லி வாசித்தார். ஒரு பெண்மணி பாதத்தை விட்டு விலகியதற்காக மன்னிப்புக் கேட்டார். அறுபத்தெட்டு வயதில்! மெலோர் அன்று கைதட்டவே இல்லை. மறு வாரம் தனக்கு மூட்டு வலி என்று சொல்லி அனுப்பினார். நான்கு பெண்களைத் தூக்கிச் சுற்றக்கூடிய மூட்டு அது.

தியோ வருத்தப்பட்டாரா? "கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று முன்னால் வந்து நின்றார்.

பிறகு ஊரில் ஒரு நோய் பரவியது. ஒருத்திக்கு முதுகு. ஒருத்திக்குப் பேத்தி. எனக்குப் பல். புதன்கிழமை மத்தியானம் ஆனால் ஒருவருக்கும் உடம்பு சரியில்லை. லாய் குவான்கூட, "மார்க்கெட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காலியான கூடத்தில், தான் வரைந்த பாதங்களுக்கு நடுவில், பாட்டைப் போட்டுவிட்டுத் தியோ தனியாக நின்றுகொண்டிருந்ததாகக் காவலாளி சொன்னார். ஆடினாரா என்று கேட்டேன். இல்லை, எண்ணிக்கொண்டிருந்தாராம்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? பள்ளிக்கூடங்களில் ஒளித்து வைத்ததை எல்லாம் கண்டுபிடித்தவராயிற்றே. புதன்கிழமை தோறும் மனைவி மீன் வாடையோடு வீடு திரும்புகிறார். பையில் மீன் இல்லை. முகத்தில் சிரிப்பு இருக்கிறது. இது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. ஒரு புதன்கிழமை, கொட்டுகிற மழையில், குடையோடு பின்னால் போனார்.

மத்தியானத்துக்குப் பிறகு சந்தையில் மீன் கடைகளை மூடி, தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார்கள். அந்தக் கூரைக்குக் கீழேதான் நாங்கள் இருந்தோம். அத்தனை நோயாளிகளும். மெலோர் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நின்று ஆட்டத்தை நடத்தியது யார் என்கிறீர்கள்? லாய் குவான். இடுப்பில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.

நான்தான் முதலில் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் குடையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். பாட்டு நின்றது. கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

"எல்லாருக்கும் ஒடம்பு சரியில்லன்னு சொன்னீங்க" என்றார்.

நான் என் பல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கோம்" என்றார் லாய் குவான். "உன்கிட்டேர்ந்துதான் ஓடி வந்தோம்."

"நான் ஒதவிதானே பண்ணேன்?"

"யாரு கேட்டா? உங்கூட எல்லா ஊருக்கும் வந்தேன். எல்லா ஊர்லயும் என்னப் பாத்து வாய மூடுனாங்க. இங்க மட்டுந்தான் என்னப் பாத்துச் சிரிச்சாங்க. அதையும் வந்து திருத்திட்ட."

தியோவின் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை நான் பார்த்ததில்லை. அறிக்கை வாசிக்கப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். மூடினார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். குடையை மடக்கினார்.

"காலியான கூடத்துல நிக்க முடியல, லாய் குவான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் இப்ப என்ன செய்யணும்?"

"போயி கடைசி வரிசையில நில்லு. வாயத் தெறக்காத."

"எனக்கு ஆட வராது."

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது காதுகள் சிவந்ததில் தெரிந்தது. அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. இத்தனை வாரத்தில் மனிதர் ஒரு அடி கூட ஆடியதில்லை!

மெலோர் பாட்டைப் போட்டார். நாங்கள் வலது பக்கம் திரும்பினோம். தியோ இடது பக்கம் திரும்பினார். நாங்கள் முன்னால் வந்தோம், அவர் பின்னால் போனார், தூணில் முட்டினார், தூணிடம் மன்னிப்புக் கேட்டார், மறுபடி திரும்பும்போது ஈரத்தில் கால் வழுக்கி, மீன் கழுவிய தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தார்.

அந்த வயதில் இடுப்பு எலும்பு விளையாட்டில்லை. நர்ஸ் மெலோர் ஐஸ் பெட்டியிலிருந்து குதித்து ஓடி வந்து அமுக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஒடையல. கௌரவத்தத் தவிர."

முதலில் சிரித்தவர் லாய் குவான். பிறகு நாங்கள். தியோ தரையைத் தடவிப் பார்த்து, "இந்தத் தரையோட சரிவு..." என்று ஆரம்பித்தார். மனைவி பார்த்த பார்வையில் வாக்கியத்தை விழுங்கினார். "கை குடு" என்றார். அவர் பிறர் கையைக் கேட்டு நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திருந்திவிட்டாரா? என்ன பேச்சு இது. மெலோரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார், உண்மை. வாசலில் செருப்பை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு வந்தார், அதுவும் உண்மை. இப்போது வெள்ளிக்கிழமையும் சந்தையில் ஆடுகிறோம், அன்றைக்கு மட்டும் அவர் வருகிறார். புதன்கிழமை வரக்கூடாது. அது லாய் குவானின் உத்தரவு, மேல்முறையீடு கிடையாது. கடைசி வரிசையில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார். என் கால்களைப் பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆட்டம் முடிந்ததும் கோப்பி குடிக்கும்போது, "நான் இன்னிக்கி எப்படி?" என்று கேட்பார். "மோசம்" என்போம். ஏனோ அதைக் கேட்டு மனிதர் சந்தோஷப்படுகிறார்.

சரி, உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் தியோவைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. படித்துக்கொண்டு வரும்போதே, "இந்த அம்மா இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்" என்று ஒரு தடவையாவது தோன்றியதா? எருமைப் பாலில் இஞ்சிச் சாறு போடுவது அப்படியல்ல என்று யாரிடமாவது சொல்ல வாய் துறுதுறுத்ததா? தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் கடைப் பக்கம் வாருங்கள். கடைசி வரிசையில் தியோவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவார். திருத்துவதற்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கிறார்.