மேனேஜரின் முன்னங்கால்

மாமியாரை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு தன் பூனைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். மருமகன் உள்ளே நுழைந்ததும் சீப்பைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, எனக்கப்புறம் இவனை உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்னு நினைச்சுடாதீங்க. உங்களைத்தான் இவன்கிட்ட ஒப்படைக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுவாரம் பூனை ஒரு கூடையில் வந்து இறங்கியது. எல்லா அறைகளையும் எட்டிப் பார்த்தது. பிறகு அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அன்றைக்கே அதற்கு மேனேஜர் என்று பெயர் விழுந்துவிட்டது.

அவருக்கு மருந்துக்கடையில் வேலை. முப்பது வருஷமாக அதே கவுண்டர், அதே வெள்ளைக் கோட்டு. டாக்டர்களே வந்து, தாங்கள் எழுதிய சீட்டை அவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவர்தான். தெரு அவரை அரை டாக்டர் என்றது. மீதி அரை எங்கே என்று மனைவி மட்டும் கேட்பாள்.

அவருக்கு இனிப்பு ஆகாது என்று ஒரு முழு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பிஸ்கட் டப்பா சமையலறையின் உச்சித் தட்டுக்குப் போய்விட்டது. அதனால் தினமும் விடியற்காலையில் அவர் ஸ்டூலில் ஏற வேண்டியிருந்தது.

அன்று வாயில் ஒன்று, கையில் ஒன்றாக இறங்கும்போது ஸ்டூல் சறுக்கியது. அவர் தட்டைப் பிடித்துத் தொங்கினார். ஸ்டூலுக்குத் தொங்கத் தெரியாது. அது சாய்ந்து, கீழே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரின் முன்னங்கால் மேல் விழுந்தது. மேனேஜர் பெரிதாகக் கத்தவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு, அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது. ஸ்டூலை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"ஏங்க, இவன் ஏன் நொண்டுறான்?"

"யாரு?"

"இந்த வீட்ல மூணு பேரு இருக்கோம். நீங்களும் நானும் நல்லாத்தான் நடக்கிறோம்."

"ஓ, மேனேஜரா? ராத்திரி மதில் சுவர்லேருந்து குதிச்சிருப்பான். வயசாச்சுல்ல."

"ராத்திரி பூரா என் கால்மாட்டுலதான் தூங்கினான்."

"அப்ப விடியக்காலைல குதிச்சிருப்பான்."

"கதவு பூட்டியிருந்துச்சே?"

"ஜன்னல் இருக்கே! பூனைன்னா லேசுப்பட்டதா?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "உங்க மீசைல என்ன தூளா ஒட்டியிருக்கு?"

"பல்பொடி."

"நாம பல்பொடியை விட்டு எத்தனையோ வருஷமாச்சே. சரி, இவனை மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

டாக்டரம்மா முதல் கேள்வியாக எப்படி அடிபட்டது என்பார். காலைச் சொன்னால் ஸ்டூலைச் சொல்ல வேண்டும். ஸ்டூலைச் சொன்னால் பிஸ்கட்டைச் சொல்ல வேண்டும். பிஸ்கட்டைச் சொல்வதைவிட உயிரை விடலாம். அந்த நிமிஷத்தில் அவர் ஒரு மாபெரும் சபதம் எடுத்தார். மேனேஜரின் வலியை, வெளியாள் கை படாமல், தாமே வீட்டில் வைத்துப் போக்குவது!

"டாக்டரம்மா எதுக்கு? முப்பது வருஷம் மருந்துக்கு நடுவுல நின்னவன் உன் எதிர்ல நிக்கிறேன்."

"முப்பது வருஷம் பேங்க் வாசல்ல நின்னா பேங்க் நம்மளோடது ஆயிடுமா?"

"நீ பாத்துக்கிட்டே இரு."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமல் போனால் பயப்பட வேண்டும் என்பது அவருக்கு அன்றைக்கு மறந்துபோயிற்று.

எடை பார்க்கும் மெஷினில் முதலில் தனியாக ஏறினார். பிறகு பூனையோடு ஏறினார். பூனை தன்னில் பதினைந்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. தனக்குத் தலைவலி வந்தால் ஒரு மாத்திரை. அப்படியானால் பூனைக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. இவ்வளவு சுலபமான கணக்கு யாருக்கும் தோன்றவில்லையே என்று வியந்துகொண்டே மாத்திரையைக் கரண்டியால் நசுக்கினார். பிளேடால் பங்கு பிரித்தார். ஒரு பங்கைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளிக்கும்போது பாட்டுகூட வந்தது. வெளியே மனைவி யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. யாரிடமாவது பேசட்டும் என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டார்.

பொட்டலத்தைப் பிரித்து, அவித்த மீன் துண்டில் பிசைந்து, தன் கையாலேயே வைத்தார். மேனேஜர் ஒரு கணம் அவரைப் பார்த்தது. பிறகு தின்றது. தட்டைத் துடைத்த மாதிரி ஆக்கிவிட்டு, அவருடைய விரலையும் நக்கியது.

"பாத்தியா? சாயங்காலம் டான்ஸ் ஆடுவான்!"

"பாப்போம், யாரு ஆடுறாங்கன்னு" என்றாள் மனைவி.

கடையில் முதலாளி அவரைவிட இளையவர், மருந்தியல் படித்தவர். "என்னண்ணே, இன்னிக்கு முகத்துல ஒரே வெளிச்சம்?" என்று அவராகவே கேட்டார். கேட்டதுதான் தாமதம், அரை டாக்டர் எடை மெஷினில் ஆரம்பித்து விரலை நக்கியது வரை சொல்லி முடித்தார். முதலாளியின் முகம் மாறியது.

"அந்த மாத்திரையா? பூனைக்கா? அண்ணே, அது பூனைக்கு விஷம்ணே!"

"கணக்குப் போட்டுத்தான் குடுத்தேன்…"

"கணக்கு இல்லண்ணே விஷயம். நம்ம ஈரல் அந்த மருந்தை உடைச்சு வெளியேத்திடும். பூனையோட ஈரலுக்கு அது முடியாது. சின்னத் துண்டே ஆளை… பூனையைத் தீத்துடும்."

அவர் வெள்ளைக் கோட்டோடு ஓடினார். சலவைக்கடையைத் தாண்டி, சைக்கிள் கடையைத் தாண்டி, "யாருக்கு என்ன டாக்டர்?" என்று தெருவே கேட்கக் கேட்க ஓடினார். டாக்டர் என்ற அந்தச் சொல் முதுகில் கல்லாக வந்து விழுந்தது. முப்பது வருஷம் எத்தனை பேரிடம் "டாக்டரைக் கேக்காம சாப்பிடாதீங்க" என்று சொல்லியிருப்பார்! தன் திருட்டை மறைக்க, வாய் பேச முடியாத ஒரு ஜீவனுக்கு விஷத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டார். அது அவரை நம்பித் தின்றது. அது நக்கிய விரல் எரிகிற மாதிரி இருந்தது. அதைக் கோட்டில் தேய்த்துக்கொண்டே ஓடினார்.

வீட்டில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மேனேஜர், கண்ணை மூடிக் கிடந்தது. அவர் அப்படியே முட்டி போட்டு விழுந்தார்.

"உங்க அம்மா பூனையை நான் கொன்னுட்டேன்! மதில் சுவரும் இல்ல, ஜன்னலும் இல்ல. நான் ஏறின ஸ்டூலு அவன் கால்ல விழுந்துச்சு. பிஸ்கட்டுக்காக ஏறினேன், தினமும் ஏறுறேன். டாக்டரம்மா கேட்டா மானம் போயிடும்னு மாத்திரை குடுத்தேன். அது விஷமாம். கிளம்பு, தூக்கிட்டு ஓடலாம்! நான் மனுஷனே இல்ல. போன வருஷம் உங்கண்ணன் ஒரு மாசம் வந்து தங்குறேன்னு போன் பண்ணினப்பகூட, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம்னு பொய் சொல்லி நான்தான் தடுத்தேன்…"

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து, கொட்டாவி விட்டது.

"முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்றாள் மனைவி. "அவன் தின்னது கோதுமை மாவு. உங்க பொட்டலம் நீங்க குளிக்கும்போதே குப்பைக்குப் போயிடுச்சு."

"மாவா?"

"டாக்டரம்மாகிட்டதான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன். மனுஷ மாத்திரை ஒரு பொடிகூட ஆகாதுன்னாங்க. எப்படி அடிபட்டுச்சுன்னும் கேட்டாங்க. உயரத்துலேருந்து குதிச்சிருந்தா உள்ளுக்குள்ள அடி இருக்கலாமாம், உடனே கொண்டுவரணுமாம். உங்களைக் கேட்டா மதில், ஜன்னல்னு சுத்துவீங்க. அதான் உங்க முதலாளிக்குப் போன் போட்டு, அந்த மாத்திரை பூனையை என்ன பண்ணும்னு உங்ககிட்ட எடுத்துச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்ல."

அவருக்கு அழுகை வந்ததா, நிம்மதி வந்ததா என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்த மட்டும் முடியவில்லை. அவள் டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டு ஸ்டூல் கதையைச் சொன்னாள். காலை ஊன்றுகிறான், வீக்கம் அதிகமில்லை, மீன் தின்றான் என்றாள். ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் ஒற்றலாம். ஏறிக் குதிக்காமல் சின்ன அறையில் விட்டு வைக்கலாம். நாளைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதற்குள் சாப்பிடாமல் போனாலோ காலை ஊன்றாமல் போனாலோ உடனே வர வேண்டும். இவ்வளவுதான் டாக்டரம்மா சொன்ன வைத்தியம். ஐஸ் துணியை அவர் வாங்கிக்கொண்டார். மேனேஜர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஸ்டூலு விஷயம் தேவைப்பட்டுச்சு, சொல்லிட்டீங்க" என்றாள் மனைவி. "பிஸ்கட்டு எனக்கு முன்னாடியே தெரியும். டப்பா தானாவா காலியாகும்? ஆனா அந்தப் பெயின்ட்டு எனக்குப் புதுசு. அதான் அண்ணன் எப்பப் பேசினாலும் 'காஞ்சுதா, காஞ்சுதா'ன்னு கேக்கிறாரா!"

போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

சாதாரண வீக்கம்தான் என்று மறுநாள் டாக்டரம்மா பார்த்துச் சொன்னார். சில நாளில் மேனேஜர் நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதற்கு ஒதுக்கிய சின்ன அறை, அரை டாக்டரின் அறை, அவருக்குத் திரும்பி வரவில்லை. மச்சான் ஞாயிற்றுக்கிழமை மூன்று பெட்டிகளோடு வந்தார். சோபாவில் மச்சான் படுக்கிறார். சோபாவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம் அரை டாக்டருக்கு மிச்சம் இருக்கிறது.